எல்லாம் கியான் அல்ல

'கியான்' என்ற சொல்லை நம் வீடுகளில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மலாய்மொழியிலிருந்து வந்து நம் பேச்சில் குடியேறிவிட்ட சொல் அது. போதைப்பித்தர் நடுங்கினாலும் கியான்தான், வியர்த்தாலும் கியான்தான், முதுகு வலிக்கிறது என்று சுருண்டு படுத்தாலும் கியான்தான். அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால் அவரை மருத்துவரிடம் அழைத்துப் போகும் கடமை தீர்ந்துவிடுகிறது. ஹெரோயின் பழக்கத்திற்கு ஆளான நம்மவர் முடமானதில் இந்தச் சொல்லுக்கும் பங்கு உண்டு என்பதே என் வாதம்.

பினாங்கு சூலியா தெருவை நாகூர் தர்காவாலும் பணமாற்றுக் கடைகளாலும் நாசி கண்டார் மணத்தாலும் அறிவோம். 1970, 80களில் இதே தெருவின் மலிவு விடுதிகளும் சந்துகளும் ஹெரோயினுக்கும் பேர் பெற்றிருந்தன. (சுற்றுலாக் கையேடுகள் இதை இப்போது சொல்வதில்லை, சொல்லவும் மாட்டா.) 1983 நவம்பரில் பினாங்கு விமான நிலையத்தில் ஹெரோயினுடன் பிடிபட்ட பார்லோ, சேம்பர்ஸ் என்ற இருவர் 1986 ஜூலையில் தூக்கிலிடப்பட்டது உலகச் செய்தியானது. அதே ஹெரோயினை ஊசியில் ஏற்றி, மூளையிலும் முதுகுத்தண்டிலும் கிருமி பரவி மாண்டவர்கள் எந்த நாளேட்டிலும் செய்தியாகவில்லை.

தெருவில் விற்கும் தூளைக் குழாய்த் தண்ணீரில் கரைத்து, பலர் கைமாறிய ஊசியில் ஏற்றி, துடைக்காத தோலில் குத்துகிறார்கள். தோலின்மேல் சும்மா கிடந்த ஸ்டெஃபிலோகாக்கஸ் போன்ற பாக்டீரியா நேரே இரத்தத்தில் இறங்குகிறது. அது இதய வால்வில் ஒட்டி வளரலாம். அங்கிருந்து ஒரு துணுக்கு உடைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம், அல்லது மூளைக்குள் சீழ்க்கட்டி. முதுகெலும்புக்குள் தங்கினால், சீழ் திரண்டு தண்டுவடத்தை நசுக்கும். குத்திய புண்ணிலேயே டெட்டனஸ் கிருமி வளர்வதும் உண்டு. ஊசியே வேண்டாம், அலுமினியத் தாளில் சூடாக்கிப் புகையை இழுத்தால் போதும் என்பவர்களுக்கும் நிம்மதியில்லை. மூளையின் வெண்பகுதி சிதைந்து நடையும் பேச்சும் குலைந்த அத்தகைய நோயாளிகளைப் பற்றி நெதர்லாந்து மருத்துவர்கள் 1982லேயே எழுதிவிட்டார்கள். அது கிருமியால் வருவதன்று, புகையால் வருவது.

எங்கள் குடும்பத்திற்கு வேண்டிய அண்ணன் ஒருவர் லாரியில் சுமை ஏற்றுபவர். முதுகுவலியும் காய்ச்சலுமாகப் படுத்தார். "கியான் வந்திருக்கு, ரெண்டு நாள்ல சரியாப் போயிடும்," என்றார் அவருடைய அம்மா. பத்து நாள் கழித்து ஒரு கிளினிக்கில் வலி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். ஊசி போடுவதை அண்ணன் சொல்லவில்லை; அவர்களும் கேட்கவில்லை. மூன்றாம் வாரம் கால் மரத்தது. மறுநாள் சிறுநீர் பிரியவில்லை. பிறகுதான் பெரிய மருத்துவமனை, ஸ்கேன், அறுவை சிகிச்சை. உயிர் தங்கியது. கால்கள் திரும்பவில்லை. "செஞ்ச பாவம்" என்று உறவினர்கள் பேசிக்கொண்டார்கள். இதே சீழ் சர்க்கரை நோயாளிக்கும் வரும். அவரை நாம் பாவி என்று சொல்கிறோமா?

கியானுக்கு ஒரு கணக்கு உண்டு. கடைசியாக ஹெரோயின் எடுத்துச் சுமார் 8 மணி முதல் 24 மணி நேரத்திற்குள் தொடங்கும். இரண்டு மூன்று நாளில் உச்சத்தை எட்டும். ஏறக்குறைய ஒரு வாரத்தில் தணியும். மூக்கு ஒழுகும், உடம்பு வலிக்கும், வயிறு போகும். ஆனால் கியானில் கால் செயலிழக்காது, கழுத்து விறைக்காது, சிறுநீர் அடைபடாது, ஒரு பக்க முகம் கோணாது, காய்ச்சல் நாள்கணக்கில் கொதிக்காது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தண்டுவடச் சீழைக் கால் விழுவதற்கு முன் கண்டுபிடித்தால் பெரும்பாலும் நடை மிஞ்சும். விழுந்தபின் ஒவ்வொரு மணி நேரமும் நட்டம்தான்.

எச்.ஐ.வி. இக்கதையின் மற்றொரு பாதி. 2002ஆம் ஆண்டில் மட்டும் மலேசியாவில் 6,978 பேருக்குப் புதிதாகத் தொற்று பதிவானது. பெரும்பாலோர் ஊசியைப் பகிர்ந்தவர்கள். எதிர்ப்புச் சக்தி குன்றியபின் டாக்சோபிளாஸ்மா, கிரிப்டோகாக்கஸ், காசநோய்க் கிருமி எல்லாம் மூளையைத் தேடி வரும். 2005இல் மெதடோன் சிகிச்சை தொடங்கியது. 2006இல் ஊசி மாற்றுத் திட்டம் மூன்று இடங்களில் தொடங்கியபோது பினாங்கும் அவற்றில் ஒன்று. "அரசாங்கமே ஊசி கொடுப்பதா?" என்று அப்போது எழுந்த கூச்சலை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இன்று புதிய எச்.ஐ.வி. தொற்றுகளில் ஊசியால் வருவது சிறு பங்கே. கூச்சல் போட்டவர்கள் யாரும் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

நோயாளி வாய் திறக்க அஞ்சுவதற்குக் காரணம் இருக்கிறது. 1952 அபாயகரமான போதைப்பொருள் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி போதைப்பொருளை உட்கொள்வதே குற்றம். ஈராண்டு வரை சிறை, அல்லது 5,000 ரிங்கிட் வரை அபராதம். சூலியா தெருவிலிருந்து ரெசிடென்சி சாலையிலுள்ள பினாங்கு பொது மருத்துவமனை சில நிமிடப் பயணம்தான். அந்தத் தூரத்தைக் கடக்கச் சிலருக்கு மூன்று வாரம் பிடிக்கிறதென்றால், சட்டமும் வெட்கமும் சேர்ந்தே வழிமறிக்கின்றன. சட்டத்தை மாற்றுவது மாணவர்களான நம் கையில் இல்லை. வீட்டில் ஒருவர் இப்படிக் கிடந்தால் கூடவே காரில் ஏறி உட்காரலாம். போன இடத்தில், "இவர் ஊசி போடுபவர், காய்ச்சலும் முதுகுவலியும் இத்தனை நாளாக இருக்கிறது," என்று அவர் தயங்கும்போது நாமே சொல்லலாம். இரத்தப் பரிசோதனையா, இதய ஸ்கேனா, முதுகுத்தண்டு எம்.ஆர்.ஐ.யா என்று மருத்துவர் முடிவு செய்வது அந்த ஒரு வரியை வைத்துத்தான்.