விற்பனைப் பத்திரத்தில் தொழிலாளியின் பெயர் உண்டா?

சந்தையில் மாடு விற்கிறவன்கூட எத்தனை ஈற்று, எத்தனை படி கறக்கும், உதைக்குமா உதைக்காதா என்று சொல்லித்தான் விற்கிறான். ஆஸ்பத்திரியையும் மருத்துவக் கருவிக் கம்பெனியையும் கைமாற்றுகிற பெரிய மனிதர்கள் என்ன சொல்கிறார்கள்? கட்டில் எத்தனை, இயந்திரம் என்ன மதிப்பு, பெயருக்கு என்ன விலை என்று சொல்கிறார்கள். அந்தப் பெயரைச் சம்பாதித்துக் கொடுத்தவர்கள் எத்தனை வருடம் உழைத்தார்கள் என்ற கணக்கு மட்டும் பத்திரிகைச் செய்தியில் வருவதே இல்லை.

தோழர்களே, இது எங்கோ நடக்கும் சங்கதி அல்ல. நாம் பிழைக்க வந்த இந்தத் திருவனந்தபுரம் மருத்துவத் தொழிலில் பெயர் பெற்ற ஊர். ஸ்ரீசித்திரைத் திருநாள் நிலையம் கண்டறிந்த தொழில்நுட்பத்தைக் கொண்டு 1980களில் இங்கே பெனின்சுலா பாலிமர்ஸ் தொடங்கி, ரத்தப் பைகளைத் தயாரித்தது. 1999இல் ஜப்பானின் டெருமோ கம்பெனி அதில் கூட்டுச் சேர்ந்தது. பின்னர் முழுவதையும் தனதாக்கிக் கொண்டது. 2002இல் திறக்கப்பட்ட கிம்ஸ் ஆஸ்பத்திரியின் பெரும்பங்கு 2023இல் ஐதராபாத்தின் குவாலிட்டி கேர் கம்பெனிக்குப் போனது. அந்தக் கம்பெனியின் பின்னால் நின்றது அமெரிக்காவின் பிளாக்ஸ்டோன். அடுத்த ஆண்டே, 2024 நவம்பரில், குவாலிட்டி கேரும் ஆஸ்டர் நிறுவனமும் இணையப் போவதாக அறிவிப்பு வந்தது. பேரூர்க்கடையில் 1969 முதல் உற்பத்தி நடத்தி வந்த பொதுத்துறை இந்துஸ்தான் லேட்டக்ஸை (இன்றைய எச்.எல்.எல்.) தனியாருக்கு விற்க மத்திய அரசு 2021 டிசம்பரில் விருப்ப மனு கேட்டது. வாங்க முன்வந்த கேரள அரசுக்கு 2022இல் அனுமதி மறுக்கப்பட்டது. யாருக்கும் விற்கலாம், மாநில அரசுக்கு மட்டும் கூடாதாம்!

கைமாறினால் எல்லாமே கெட்டுவிடும் என்று நான் சொல்லவில்லை. வெளி முதல் வந்தால் புதிய இயந்திரம் வரும், ஏற்றுமதி பெருகும், சில இடங்களில் வேலையும் கூடும். ஆனால் கணக்குத் தவறினால் யார் தலையில் விழும் என்பதுதான் கேள்வி. அதற்கு அமெரிக்காவில் நடந்ததைப் பார்த்தால் போதும்.

செர்னர் என்பது 1979இல் தொடங்கிய கம்பெனி. ஆஸ்பத்திரிகளில் நோயாளிக் குறிப்புகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பாதுகாப்பதுதான் அதன் தொழில். கான்சாஸ் நகர வட்டாரத்தில் பெரிய வேலை கொடுப்பவர்களில் ஒன்று. பெங்களூரிலும் அலுவலகம் உண்டு. மொத்தம் ஏறத்தாழ 28,000 ஊழியர்கள். ஆரக்கிள் கம்பெனி 2022 ஜூனில் 2,830 கோடி டாலருக்கு அதை வாங்கியது. அந்த ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் ஆட்குறைப்பு வந்தது. சம்பள உயர்வும் பதவி உயர்வும் நின்று போனதாகச் செய்திகள் வந்தன. பெரிய பெரிய அலுவலகக் கட்டடங்கள் காலியாயின.

வாங்கியவர்களும் விற்கப்பட்டவர்களும் ஒரே கம்ப்யூட்டர்த் தொழில்தான். ஆனால் வழக்கம் வேறு. ஒரு கூட்டம் நாற்பது வருடம் டாக்டரோடும் நர்ஸோடும் பழகியது. மற்றொரு கூட்டம் எல்லாத் தொழிலுக்கும் ஒரே சரக்கை விற்றுப் பழகியது. இதே செர்னரின் ஏற்பாட்டை அமெரிக்க முன்னாள் படைவீரர்களின் ஆஸ்பத்திரிகளில் 2020 முதல் பொருத்தி வந்தார்கள். நோயாளிகளின் பாதுகாப்பைப் பற்றிய புகார்கள் குவிந்ததால் 2023 ஏப்ரலில் புதிய இடங்களில் பொருத்துவதை நிறுத்தி வைத்தார்கள். கோளாறு விற்பனைக்கு முன்பே இருந்தது. ஆனால் கோளாறு எங்கே என்று அறிந்தவர்களையும் வெளியே அனுப்பினால் திருத்துவது யார்? தொழிலாளியின் அனுபவத்தை வெறும் செலவு என்று எழுதினால் கடைசியில் அதற்கு விலை கொடுப்பவன் நோயாளி.

டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு இது பாடம். ஆஸ்பத்திரியில் துடைப்பமும் துணி மூட்டையும் தூக்கும் நம் தாய்மார்களுக்கும் இதுவே பாடம்.

சட்டம் என்ன சொல்கிறது? நிறுவனம் கைமாறும்போது பழைய பணிக்காலம் அறுபடக் கூடாது, சம்பளமும் சலுகையும் குறையக் கூடாது, பின்னால் ஆட்குறைப்பு வந்தால் புதிய முதலாளி பழைய வருடங்களையும் சேர்த்து நஷ்டஈடு தர வேண்டும். இல்லையென்றால் கைமாற்றும்போதே நஷ்டஈடு கொடுத்தாக வேண்டும். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்தில் இருந்த இந்த விதி, 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த தொழில் உறவுத் தொகுப்பிலும் இருக்கிறது. ஆட்குறைப்புக்கு ஒரு மாத நோட்டீஸ், ஒவ்வொரு வருடப் பணிக்கும் 15 நாள் சம்பளம். ஆனால் ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற பாதுகாப்பு தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் ஆகியவற்றுக்குத்தான். அதிலும் 100 பேர் என்றிருந்த வரம்பை 300 ஆக்கிவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்கும் கம்ப்யூட்டர் அலுவலகத்துக்கும் அது முன்பும் இல்லை, இப்போதும் இல்லை.

நம்மவர்களில் பெரும்பாலோர் நிற்கும் இடம் இதற்கும் கீழே. துப்புரவு, சலவை, கேன்டீன், காவல் எல்லாமே கான்ட்ராக்ட். கட்டடம் அதே, வாளி அதே, வேலை அதே. கான்ட்ராக்ட்காரன் பெயர் மட்டும் மாறுகிறது. புதியவன் வந்ததும் 12 வருடம் உழைத்தவள் ஏட்டில் புதுசாகச் சேர்ந்தவள் ஆகிவிடுகிறாள். நாள் கூலி 500 ரூபாய் என்று வையுங்கள். 12 வருடத்துக்கு 15 நாள் வீதம் 90,000 ரூபாய். ஏட்டில் ஒரே வருடம் என்றால் 7,500 ரூபாய். ஒரு பெயர்ப்பலகை மாறியதில் அவள் மடியிலிருந்து போனது 82,500 ரூபாய். இதைத் திருட்டு என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

ரயில்வேயில் வேலை பார்க்கும் எனக்குச் சேவைப் புத்தகத்தின் அருமை தெரியும். சேர்ந்த நாள், எடுத்த விடுப்பு, ஏறிய சம்பளம் எல்லாம் அதில் ஏறும். அதிகாரி மாறலாம், ஸ்டேஷன் மாறலாம். புத்தகம் கூடவே வரும். கடைசியில் ஓய்வூதியத்தைத் தீர்மானிப்பது அந்தப் புத்தகம்தான். கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு அப்படிப்பட்ட புத்தகத்தை நிர்வாகம் தராது. ஆகவே நாமே உண்டாக்கிக் கொள்ள வேண்டும்.

ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு நோட்டுப் போடுங்கள். எந்தக் கட்டடத்தில் என்றிலிருந்து வேலை, கான்ட்ராக்ட்காரர்கள் பெயர் வரிசை, பி.எப். கணக்கின் யு.ஏ.என். நம்பர், இ.எஸ்.ஐ. நம்பர் எல்லாவற்றையும் எழுதுங்கள். பழைய அடையாள அட்டையையும் சம்பளச் சீட்டையும் அடுப்பெரிக்காமல் வையுங்கள். கான்ட்ராக்ட்காரன் மாறினாலும் யு.ஏ.என். நம்பர் ஒன்றேதான், இரண்டாவது நம்பர் போட வந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். படித்த பிள்ளைகள் அப்பா அம்மாவுக்கு இதை எழுதிக் கொடுக்கட்டும். புரியாத தாளில் கையெழுத்து வேண்டாம்; நோட்டீசைத் தமிழிலும் தரச் சொல்லிக் கேளுங்கள்.

சங்கங்கள் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. விற்பனை ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே, கான்ட்ராக்ட் தொழிலாளி உட்பட எல்லோருடைய பணிக்காலமும் தொடரும் என்று வாங்குகிறவன் எழுதித் தர வேண்டும். கையெழுத்தான பிறகு போய் நின்றால் பழைய முதலாளி புதியவனைக் காட்டுவான், புதியவன் கான்ட்ராக்ட்காரனைக் காட்டுவான், கான்ட்ராக்ட்காரன் ஊரிலேயே இருக்க மாட்டான்.

மலையாளித் தோழர்களுக்கும் இதே நிலைதான். வார்டில் அவர்களும் நம்மோடு நிற்கிறார்கள். மொழி வேறாக இருக்கலாம், ஆட்குறைப்புப் பட்டியல் ஒன்று. சேர்ந்து கேட்டால் கிடைக்கும். தனித்தனியாகப் போனால் வாசலில் நிறுத்துவார்கள்.