மாலை போட்டால் போதுமா?

ஆடிப்பெருக்கு வந்தால் சங்ககிரி மலையடிவாரத்தில் கார்கள் வரிசைகட்டும். 1805-இல் தீரன் சின்னமலையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் தூக்கிலிட்ட ஊர். அவருக்கு மாலை போடுவது முறைதான். கட்சிக்கு ஒரு மாலை, சங்கத்துக்கு ஒரு மாலை. போட்டவர்களில் எத்தனை பேர் மலையேறுகிறார்கள்? ஏறிப் பார்த்தால்தான் அங்குள்ள கோட்டையின் சூட்சுமம் பிடிபடும். சரிவில் வாசலுக்குப் பின் வாசல், மதிலுக்குப் பின் மதில். ஒன்றைப் பிடித்த படை, அடுத்த மதிலின் கீழே குறியாக நிற்க வேண்டியதுதான். விஜயநகரத்தார் காலத்தில் எழும்பி, மைசூர்க்காரர்களிடம் போய், 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையோடு கம்பெனி வசமான கோட்டை இது. வெள்ளைக்காரன் கட்டியது என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு, என்ன செய்ய! எனக்கு மதில்களைவிடப் பெரிதாகப் படுவது மேலே உள்ள பாறைச் சுனைகள். மழைநீரைத் தேக்கத் தெரியாதவன் இந்த வறண்ட சீமையில் மலைக்கோட்டை கட்டி முற்றுகையைத் தாங்கியிருக்க முடியாது. கோவையிலிருந்து சேலம் நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம் சொச்சம்தான். வருஷா வருஷம் பிள்ளைகளை ஊட்டிக்கே கூட்டிப்போகும் நம் பள்ளிகள், ஒரு தடவை வண்டியை இந்தப் பக்கம் திருப்பட்டும். வெயில் ஏறுமுன் ஏறிவிட வேண்டும். குடிக்கத் தண்ணீர் கையோடு இருக்கட்டும்.