கேள்வி கேட்கும் மனத்துக்கு எந்த ஏடு?

உழைக்கிறவனுக்கு ஏடு எதற்கு என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பட்டறையில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்புகிறவனுக்குச் சோறும் தூக்கமும் போதும், மிஞ்சுகிற நேரத்துக்குச் சினிமாச் செய்தி போதும் என்பது அவர்கள் எண்ணம். முதலாளிகள் இப்படி எண்ணினால் வியப்பில்லை. நம் குடும்பங்களுக்குள்ளேயே இந்த எண்ணம் வேரூன்றி வருவதுதான் கவலை தருகிறது.

மாட்டுங்காவிலும் தாராவியிலும் தமிழ் ஏடு விற்கும் கடைகளின் முன்னால் சற்று நேரம் நின்று பாருங்கள். வருகிறவர் பெயர்கூடச் சொல்வதில்லை. கையை நீட்டுகிறார், கடைக்காரர் வழக்கமான ஏட்டை எடுத்துக் கொடுக்கிறார். அப்பா வாங்கியதை மகன் வாங்குகிறான். பக்கத்தில் தொங்குகிற வேறு ஏட்டைப் புரட்டிப் பார்ப்போம் என்ற ஆவல் எழுவதில்லை.

பெரிய வார ஏடுகளை நாம் பழிக்கவில்லை. 1926இல் தோன்றிய ஆனந்த விகடனும், 1941இல் தோன்றிய கல்கியும், 1947இல் தோன்றிய குமுதமும் எத்தனையோ வீடுகளில் எழுத்துக் கூட்டிப் படிக்கும் பழக்கத்தை வளர்த்தன. பள்ளிப் படிப்பை நான்காம் வகுப்போடு நிறுத்திய நம் தாய்மார்கள் பலர் தொடர்கதைகளின் மூலமே வேகமாகப் படிக்கக் கற்றார்கள். அந்த நன்றி நமக்கு உண்டு.

ஆனால் ஒரே ஏட்டை நம்பியிருப்பதில் ஓர் ஆபத்து உள்ளது. 1947 முதல் நம் பிள்ளைகள் விரும்பிப் படித்த அம்புலிமாமா இன்று வருவதில்லை. கல்கி 2020இல் அச்சில் வருவதை நிறுத்திக்கொண்டது. பழகிய ஏடு நின்றவுடன் பல வீடுகளில் வாசிப்பும் சேர்ந்து நின்றுவிட்டது. அந்த இடத்தில் கைப்பேசி வந்து உட்கார்ந்துகொண்டது. தேடும் பழக்கம் இருந்திருந்தால், ஒன்று நின்றபோது இன்னொன்றைக் கண்டுபிடித்திருப்போம். ஆகவே புதிய ஏட்டைத் தேடுவது ஓய்வுள்ளவர்களின் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியாது. நம் வீட்டில் எழுத்து உயிரோடு இருக்குமா என்பதே அதில் அடங்கியிருக்கிறது.

தங்கவயல் காட்டிய வழி

இதை நமக்குப் புதிதாக யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊர்விட்டு வந்த உழைப்பாளிகள் தங்களுக்கேற்ற ஏட்டைத் தேடிப் பிடித்த வரலாறு நம்மிடமே இருக்கிறது.

1907ஆம் ஆண்டு அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார ஏட்டைத் தொடங்கினார். மறு ஆண்டே அது 'தமிழன்' என்று பெயர் மாறியது. சாதியின் வேர் எது, நம் பண்டிகைகளின் பொருள் என்ன, வரலாறு என்று சொல்லப்படுவதில் எது மெய், எது பொய் என்றெல்லாம் அந்த ஏடு விசாரித்தது. அதைத் தாங்கிப் பிடித்தவர்களில் கோலார் தங்கவயல் தமிழர்களுக்குப் பெரும் பங்குண்டு. வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து சுரங்க வேலைக்குச் சென்றவர்கள் அவர்கள். பூமிக்கடியில் வெளிச்சமும் காற்றும் இல்லாத இடத்தில் பாறை உடைத்தவர்கள், மேலே வந்ததும் படிக்கத் தேர்ந்தெடுத்தது, எதையும் கேள்வி கேட்கிற ஏட்டை!

1914இல் பண்டிதர் மறைந்தார். அத்தோடு அவர்கள் சோர்ந்துவிடவில்லை. 1920களில் தங்கவயலிலிருந்தே, ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு 'தமிழன்' மீண்டும் வெளிவந்தது. பண்டிதரின் நூல்களை மாரிக்குப்பத்தில் இயங்கிய சித்தார்த்த புத்தகசாலை அச்சிட்டது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரியில் சுரங்கங்கள் மூடப்பட்டுவிட்டன. அவர்கள் காப்பாற்றிய எழுத்து மட்டும் இன்றும் பல்கலைக்கழகங்களில் ஆராயப்படுகிறது.

அது போலவே, 1965இல் 'கணையாழி' பிறந்த இடம் டெல்லி. அங்கு பத்திரிகையாளராகப் பணியாற்றிய கி. கஸ்தூரிரங்கன் அதைத் தொடங்கினார். தமிழகத்துக்கு வெளியே முளைத்த அந்தச் சிறிய மாத ஏடு தமிழகம் முழுவதையும் திரும்பிப் பார்க்க வைத்தது. சுரங்கத் தொழிலாளியும் தலைநகரத்துப் பத்திரிகையாளரும் வாழ்ந்த வாழ்க்கை வேறு வேறு. ஊரிலிருந்து வந்து சேர்வது போதாது, நமக்கு வேண்டியதை நாமே தேட வேண்டும் என்பதில் மட்டும் இருவரும் ஒத்துப்போனார்கள்.

இன்று என்ன கிடைக்கிறது?

"நல்ல ஏடுகள் இப்போது எங்கே வருகின்றன?" என்று சலித்துக்கொள்வது எளிது. தேடிப் பார்த்துவிட்டுச் சலித்துக்கொண்டால் ஒப்புக்கொள்ளலாம்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் 'துளிர்' மாத இதழைக் கேட்டு வாங்குங்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987இல் தொடங்கிய சிறுவர் அறிவியல் ஏடு அது. மின்னல் ஏன் வெட்டுகிறது, கொசு நம்மை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று பிள்ளை கேட்கும்போது "சும்மா இரு" என்று அதட்டுகிறோமே, அந்த வகைக் கேள்விகளுக்கென்றே நடத்தப்படும் ஏடு. பிள்ளைக்கு வாங்குவதைத் தாயும் தந்தையும் படிக்கக் கூடாது என்று சட்டமில்லை.

உழைப்பாளிகளின் வாழ்வைக் கதையிலும் கவிதையிலும் காண விரும்புகிறவர்களுக்கு 1970இல் மதுரையில் தொடங்கிய 'செம்மலர்' உண்டு. இலக்கியம், அரசியல், பண்பாடு என்று நீண்ட கட்டுரைகளைப் பொறுமையாகப் படிக்க விரும்புகிறவர்களுக்கு, சுந்தர ராமசாமி 1988இல் தொடங்கி இப்போது நாகர்கோவிலிலிருந்து வரும் 'காலச்சுவடு' உண்டு. பகுத்தறிவுச் சிந்தனையை நாடுகிறவர்களுக்குத் தந்தை பெரியார் 1970இல் தொடங்கிய 'உண்மை' உண்டு. அரசு தன் திட்டங்களைப் பற்றி என்ன சொல்கிறது என்று அறிய மத்திய அரசின் 'யோஜனா' ஏடு தமிழில் 'திட்டம்' என்ற பெயரில் வருகிறது. அரசு சொல்வதை அப்படியே நம்பச் சொல்லவில்லை. எதிர்த்துப் பேசுவதற்கும் முதலில் அது என்ன சொல்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

இந்த ஏடுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. ஒன்று சொல்வதை மற்றொன்று மறுக்கும். அதனாலேயே இரண்டைச் சேர்த்துப் படிக்கச் சொல்கிறோம். ஒரே குரலைக் கேட்டுப் பழகிய காது, வேறு குரல் கேட்டால் சண்டைக்குப் போகும். இரண்டு குரல் கேட்டுப் பழகிய காதுதான் எடைபோடும்.

இந்த மண்ணின் ஏடுகள்

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். நாம் வாழும் மண்ணின் மொழியில் வரும் ஏடுகளை நாம் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. மராத்தியை அலுவலக மொழியாகவும் சந்தை மொழியாகவும் மட்டுமே அறிந்திருக்கிறோம். நம் பிள்ளைகளோ பள்ளியில் அதைப் படிக்கிறார்கள். அவர்களுக்காக மகாராஷ்டிரப் பாடநூல் நிறுவனமே 1971 முதல் 'கிஷோர்' என்ற சிறுவர் மாத இதழை வெளியிட்டு வருகிறது. எத்தனை தமிழ் வீடுகளுக்கு அது தெரியும்? பெரியவர்களுக்கு, சானே குருஜி 1948இல் தொடங்கிய 'சாதனா' வார ஏடு இன்றும் புனேயிலிருந்து வருகிறது. நமக்குப் படிக்க வராவிட்டால் பிள்ளை படித்துப் பொருள் சொல்லட்டும். அதில் வெட்கப்பட ஏதுமில்லை. முன்பு நம் படிப்பகங்களிலும் தேநீர்க் கடைகளிலும் ஒருவர் உரக்கப் படிக்கப் பத்துப் பேர் கேட்டுத்தானே அரசியல் கற்றார்கள்?

டாக்டர் அம்பேத்கர் 1920 ஜனவரி 31 அன்று 'மூக்நாயக்' ஏட்டை இதே பம்பாயில், மராத்தி மொழியில்தான் தொடங்கினார். கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் அதற்கு 2,500 ரூபாய் உதவினார். வாயில்லாதவர்களின் தலைவன் என்பது அந்தப் பெயரின் பொருள். ஒடுக்கப்பட்டவர்களுக்கு முதலில் தேவைப்படுவது சொந்த ஏடு என்று அவர் கருதினார். அந்த மரபு தழைத்த ஊரில் இருந்துகொண்டு, அந்த மொழியின் ஏடு எதையும் தொடாமல் காலம் கழிப்பது நமக்குத்தான் இழப்பு.

மற்ற மாநிலங்களில் வாழும் நம் மக்களுக்கும் இது பொருந்தும். கேரளத்தில் சாஸ்திர சாகித்ய பரிஷத் 1970 முதல் சிறுவர்களுக்காக 'யுரேகா' வெளியிடுகிறது. போபாலிலிருந்து ஏகலவ்யா அமைப்பு 1985இல் 'சக்மக்' என்ற இந்திச் சிறுவர் ஏட்டைத் தொடங்கியது. கர்நாடகத்தில் 'சுதா', 'மயூரா' ஆகியவை அரை நூற்றாண்டைக் கடந்தவை. எந்த ஊரில் பிழைக்கிறோமோ, அந்த ஊரைப் பற்றி அந்த ஊர்க்காரர் தமக்குள் என்ன பேசிக்கொள்கிறார் என்று தெரியாமல் வாழ்வது, கண்ணைக் கட்டிக்கொண்டு சாலையைக் கடப்பது போல.

படிக்கும் பழக்கம் எதற்கு உதவும்?

தாராவி மறுசீரமைப்பையே எடுத்துக்கொள்வோம். 2024இல் வீடு வீடாகக் கணக்கெடுப்புத் தொடங்கியது. 2000 ஜனவரி 1 என்ற தேதிக்கு முன்பிருந்து இருக்கும் வீடா, தரைத்தளமா, மாடியா என்பதைப் பொறுத்து, இங்கேயே இலவச வீடா, வேறிடமா என்று பிரிக்கிறார்கள். நம் தலைமுறைகளின் குடியிருப்பு இந்த ஒரு தேதியில் தொங்குகிறது. ஆனால் சந்துகளில் உலவியது என்ன? கைப்பேசியில் ஒருவர் அனுப்பியதை இன்னொருவர் அனுப்ப, அவர் வேறொருவருக்கு அனுப்ப, யார் எழுதியது, எப்போது எழுதியது என்றே தெரியாத செய்திகள்.

நான்கு பக்கக் கட்டுரையை முழுவதும் படித்துப் பழகியவர், அரசு அறிவிப்பையும் கடைசி வரி வரை படிப்பார். "இதற்கு ஆதாரம் என்ன?" என்று ஏட்டிடம் கேட்டுப் பழகியவர், கையெழுத்துக் கேட்டு வாசலில் நிற்பவரிடமும் அதையே கேட்பார். அறிவுப்பசியும் குடியிருப்பு உரிமையும் வெவ்வேறு சங்கதிகள் என்று நினைப்பவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

தேர்ந்தெடுப்பது எப்படி?

புதிய ஏடு கைக்கு வந்தால் அட்டையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். முதலில் வாசகர் கடிதங்களைப் பாருங்கள். எல்லாக் கடிதமும் பாராட்டாகவே இருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். மறுப்பையும் அச்சிடுகிற ஏட்டுக்குத் துணிவு உண்டு. அடுத்து, ஒரு கட்டுரையை எடுத்து, சொல்லும் செய்தி எங்கிருந்து கிடைத்தது என்று சொல்கிறதா எனப் பாருங்கள். கடைசியாக, நீங்கள் இதுவரை நினைத்தே பார்க்காத ஒரு பொருளைப் பற்றி ஏதேனும் இருக்கிறதா என்று தேடுங்கள். ஏற்கெனவே தெரிந்ததையே திரும்பச் சொல்லித் தலையாட்ட வைக்கும் ஏட்டுக்குக் காசு கொடுப்பது வீண். ஒரே இதழைக் கொண்டு தீர்ப்பு வழங்காமல் மூன்று மாதம் பொறுத்துப் பாருங்கள்.

பணம் எங்கே என்று கேட்பது நியாயமான கேள்வி. வாடகை, பள்ளிக் கட்டணம், ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் போக மிஞ்சுவது நமக்குத் தெரியும். தனியாக ஒரு குடும்பம் ஐந்து ஏடுகளுக்குச் சந்தா கட்ட முடியாது. ஆனால் ஒரே சாலில் இருக்கும் ஐந்து குடும்பங்கள் ஆளுக்கு ஓர் ஏடு வாங்கலாம். வாரம் ஒருமுறை கைமாற்றிக்கொண்டால், மாதக் கடைசிக்குள் ஐந்தும் ஐந்து வீட்டையும் சுற்றி வந்துவிடும். படித்து முடித்ததும் அவை படிப்பகத்துக்குப் போகட்டும். சிற்றேடுகள் பல கடைகளுக்கு வருவதில்லை. ஆசிரியருக்கு எழுதிச் சந்தா கட்டினால் அஞ்சலில் வீடு தேடி வரும். பழைய ஏடுகளைக் காண விரும்புகிறவர்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் காசில்லாமல் கதவு திறந்து வைத்திருக்கிறது. நேரத்தைத் தின்னும் அதே கைப்பேசியில் இதையும் திறக்கலாம்.

படிப்பகம் நடத்தும் தோழர்களுக்கும் ஒரு சொல். தலைவர் படமும் இரண்டு நாளேடும் இருந்தால் படிப்பகம் ஆகிவிடாது. ஆண்டுக்கு இரண்டு புதிய ஏடுகளையாவது மேசையில் சேருங்கள். எவற்றைச் சேர்ப்பது என்பதை நிர்வாகிகள் மட்டும் முடிவு செய்யாமல் பள்ளிப் பிள்ளைகளையும் வீட்டு வேலைக்குச் செல்லும் தாய்மார்களையும் கேளுங்கள். மாலையில் ஆண்கள் மட்டும் உட்காரும் இடமாக அது இருக்கும்வரை, பாதிக் குடும்பத்தின் கேள்விகள் அடுப்படியிலேயே அணைந்துபோகும்.

அருமைத் தோழர்களே, தாய்மார்களே! நம் பிள்ளைகள் எந்த மொழியில் சம்பாதிப்பார்கள் என்பது நம் கையில் இல்லை. அவர்கள் "ஏன்?" என்று கேட்கிற மனிதர்களாக வளர்வார்களா என்பது பெரும்பகுதி நம் கையில் இருக்கிறது. இந்த மாதச் சம்பளம் வந்ததும் கடைக்குப் போங்கள். வழக்கமான ஏட்டை வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே, இதுவரை தொட்டிராத ஒன்றையும் கேட்டு வாங்குங்கள். கடையில் இல்லை என்றால், வரவழைக்கச் சொல்லுங்கள். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் வரவழைப்பார்.