தேதியைக் கடல் குறிக்கட்டும், பட்ஜெட்டை நீங்கள் போடுங்கள்

லட்சத்தீவுக்குப் போய்வர உங்களுக்குக் கடன் தேவையில்லை. ஒரு காலண்டரும் ஒரு ஆர்.டி. கணக்கும் போதும். கடன் விற்றுச் சம்பளம் வாங்கும் வங்கிக்காரன்தான் இதைச் சொல்கிறேன், அதனால் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

மட்டாஞ்சேரிப் பக்கம் பிழைக்க வந்த நம்ம தமிழ்க் குடும்பங்களில் வருஷா வருஷம் இதே கதைதான். மார்ச் கடைசியில் பரீட்சை முடியும். "எங்கேயாவது தீவுக்குப் போகலாமா சார்?" என்று பேச்சு கிளம்பும். ஏப்ரல் பாதியில் ஏஜென்ட் நீலக்கடல் படம் ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்புவார். படத்துக்கு அடியில் 'நோ காஸ்ட் இ.எம்.ஐ.' என்று இருக்கும். அவ்வளவுதான். ஊரில் அம்மாவின் கண் ஆபரேஷனுக்குப் பணம் அனுப்பப் பத்துத் தடவை கணக்குப் பார்க்கிற மனுஷன், இங்கே ஒரே ஓ.டி.பி.யில் ஒரு லட்சத்தைத் தட்டிவிடுகிறார்.

என் கட்சி இதுதான். தீவுக்குப் போகும் தேதியைக் குறிக்க வேண்டியது கடல், பட்ஜெட்டைப் போட வேண்டியது நாம். நாமோ தேதியைப் பள்ளிக்கூடத்திடமும் பட்ஜெட்டை ஏஜென்டிடமும் கொடுத்துவிட்டு, பிறகு "செலவு எகிறிப்போச்சு" என்று புலம்புகிறோம்.

முதலில் கணக்கு. ஐந்து பேர் குடும்பத்துக்கு 1,20,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 சதவீத வட்டியில் 12 மாதக் கடன் வாங்கினால் மாதத் தவணை சுமார் 10,830. வட்டி மட்டும் 9,970 வரும். 2 சதவீதச் செயலாக்கக் கட்டணமும் அதற்கு ஜி.எஸ்.டி.யும் சேர்த்தால் இன்னும் 2,832. அதே மனுஷன் மாதம் 10,000 ரூபாயை 6.5 சதவீத ஆர்.டி.யில் போட்டிருந்தால், வட்டியாகச் சுமார் 4,200 கைக்கு வந்திருக்கும். போகும் தீவு ஒன்று, பார்க்கும் கடலும் ஒன்று. ஆனால் இந்த இரண்டு பேருக்கும் நடுவில் 17,000 ரூபாய் வித்தியாசம். இந்தப் பதினேழாயிரம் எதற்கு? பொறுமை இல்லாததற்குக் கட்டும் அபராதம், வேறென்ன?

"நோ காஸ்ட்தானே சார், வட்டியே கிடையாதே" என்பீர்கள். 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி, பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது என வங்கிகளுக்கு எழுதிவிட்டது. விற்பவர் உங்களுக்குக் கொடுத்திருக்க வேண்டிய தள்ளுபடிதான் வட்டியாக மாறி உட்கார்ந்திருக்கிறது. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. வேறு உங்கள் கார்டில் விழும். பில்லை ஒரு தடவை நிதானமாகப் படியுங்கள்.

எங்கள் வங்கிக்காரர்களையும் விடுவதாக இல்லை. எல்.எஃப்.சி. என்ற பயணச் சலுகையை வைத்துக்கொண்டு 'ராமேஸ்வரம், வழி மொரீஷியஸ்' என்று போன புண்ணியவான்கள் உண்டு! போர்ட் பிளேருக்கு மலேசியா, சிங்கப்பூர் வழியாகப் போனவர்களும் உண்டு. ஸ்டேட் வங்கி வழக்கில் 2022 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. வரிவிலக்கு இந்தியாவுக்குள் குறுகிய வழியில் போகும் பயணத்துக்குத்தான் என்று சொல்லிவிட்டது. அடுத்தவன் காசில் தீவு பார்க்கும் ஆசை படித்தவனையும் எவ்வளவு கோணலாக யோசிக்க வைக்கிறது பாருங்கள்.

அடுத்து தேதி. இங்கேதான் கடல் பேசும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. ஓணத்துக்குப் பத்து நாள் லீவு கிடைக்கிறதே என்று அப்போது கிளம்பாதீர்கள். பல தீவுகளில் கப்பல் கரை வரை வராது. கடலில் நிற்கும் கப்பலிலிருந்து ஆடுகிற சின்னப் படகுக்கு இறங்க வேண்டும். மூட்டு வலி உள்ள அப்பாவை அந்த அலையில் எப்படி இறக்குவீர்கள்? பொங்கலுக்குப் போகலாமென்றால் எர்ணாகுளம் மாவட்டத்துக்கு அந்த லீவே கிடையாது. கிறிஸ்துமஸ் நேரத்தில் கூட்டமும் விலையும் உச்சம். டிசம்பர் என்றால் கடல் சாந்தமாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். 2017 நவம்பர் கடைசியில் கன்னியாகுமரி மீனவர்களை வாரிக்கொண்ட ஒக்கி புயல், டிசம்பர் தொடக்கத்தில் லட்சத்தீவையும் அடித்துவிட்டுத்தான் போனது. மே மாதமும் அப்படித்தான், 2021 மே மாதம் டவ்தே வந்தது. அது மட்டுமில்லை, ஏப்ரல் கடைசி, மே என்றால் தண்ணீர் கொதிக்கிற காலம். நம்ம எர்ணாகுளத்து மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 2024 மே மாதத்தில், லட்சத்தீவில் பவளப்பாறைகள் பெருமளவில் வெளுத்துப்போனதை அறிவித்தது. 1998, 2010, 2016 ஆண்டுகளிலும் இதே கொடுமை நடந்தது. பவளம் பார்க்கக் காசு கட்டிப் போய் வெள்ளை எலும்புக்கூட்டைப் பார்த்துவிட்டு வருவதா?

பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு என் யோசனை, பரீட்சை முடிந்த கையோடு ஏப்ரல் முதல் பத்து நாள். அதற்கான வேலை முந்தின வருஷம் ஜனவரியிலேயே தொடங்க வேண்டும்.

1. ஜனவரியில் ஆர்.டி. ஆரம்பியுங்கள். பன்னிரண்டு தவணை கட்டி முடித்து, அடுத்த ஜனவரியில் பணம் கையில்.

2. பணம் வந்ததும் அனுமதிச் சீட்டு வேலை. 1967-ஆம் வருஷ விதிப்படி வெளியார் யாரும் அனுமதி இல்லாமல் அங்கே கால் வைக்க முடியாது. நம் எதிர்க்கரை வில்லிங்டன் தீவில்தான் லட்சத்தீவு நிர்வாக அலுவலகம் இருக்கிறது, நேரில் போய்க் கேளுங்கள். சிங்கப்பூர் பாஸ்போர்ட் வைத்திருக்கும் தம்பி குடும்பமும் வருகிறதா? வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டுக்கு எல்லாத் தீவும் திறக்காது. முதலிலேயே விசாரியுங்கள்.

3. ஊரிலிருந்து பெரியவர்கள் வருவதென்றால் ரயில் முன்பதிவு. 2024 நவம்பர் 1 முதல் 60 நாளுக்கு முன்புதான் பதிய முடியும். பிப்ரவரி முதல் வாரம் உட்கார்ந்துவிடுங்கள்.

4. பட்ஜெட்டில் இரண்டு நாள் உதிரியாக வையுங்கள். கப்பல் தாமதமானால் கொச்சியில் தங்க, சாப்பிட, திரும்பும் டிக்கெட்டை மாற்ற என்று தனிப் பணம். பேக்கேஜ் நோட்டீஸில் இந்த வரி இருக்கவே இருக்காது. கையில் ரொக்கமும் கொஞ்சம் இருக்கட்டும்.

2024 ஜனவரியில் பிரதமர் லட்சத்தீவு போய்வந்த படங்கள் வந்ததும் ஊரே அந்தப் பக்கம் திரும்பியது. மாலத்தீவு வேண்டாம், லட்சத்தீவுக்கே போவோம் என்று கோஷம். நல்லது, போவோம். ஆனால் 36 தீவும் சேர்த்தே 32 சதுர கிலோமீட்டர்தான். ஆள் வாழும் தீவு பத்து. குடிதண்ணீருக்கு மணலுக்கடியில் மெல்லிய நன்னீர்ப் படலம்தான். சென்னை பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் 2005-இல் கவரத்தியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் அமைத்ததே அதனால்தான். தினம் ஒரு லட்சம் லிட்டர் அதன் திறன். அந்தத் தண்ணீரில்தான் நீங்கள் மூன்று தடவை குளிக்கப் போகிறீர்கள்.

இன்னொன்று. நீங்கள் ஏறும் கப்பலில்தான் தீவுக்காரர் பெரிய வைத்தியத்துக்கு எர்ணாகுளம் வருகிறார். நமக்கு அது உல்லாசக் கப்பல், அவருக்கு அது டவுன் பஸ். திருநெல்வேலிக்குப் போக தீபாவளி நேரத்தில் டிக்கெட் கிடைக்காமல் அல்லாடுகிற நமக்கு அந்த வலி தெரிய வேண்டும். கடைசி நேரத்தில் சிபாரிசு பிடித்து சீட் வாங்குவதைப் பெருமையாகச் சொல்லாதீர்கள் சாமி.

"வாழ்க்கையில் ஒரு தடவை, கடன் வாங்கினால் என்ன?" என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில். வாழ்க்கையில் ஒரு தடவைதான் என்றால் ஒரு வருஷம் காத்திருந்து போவதில் என்ன குறைந்துவிடும்? கடல் எங்கேயும் ஓடிப்போகாது. திரும்பி வந்த பிறகு பன்னிரண்டு மாதம் தவணைத் தேதி வரும்போதெல்லாம் அந்த நீலக்கடல் படத்தைப் பார்த்து எரிச்சல்படாமல் இருந்தால் போதும். அதற்குத்தான் இவ்வளவும் எழுதினேன்.