மணிக்குக் கொடுத்த மாத்திரை

சில மாதங்களுக்கு முன், ஞாயிறு திருப்பலி முடிந்து நாம் கோவில் முற்றத்தில் நின்றபொழுது, நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் கலங்கிய கண்களோடு அருகில் வந்தார். "சாமி, எங்க மணி செத்துப்போச்சு. நான் கொடுத்த மாத்திரையும் ஒரு காரணம்னு டாக்டர் சொல்றார். நான் பாவம் செஞ்சுட்டேனா சாமி?" என்றார்.

மணி எட்டாண்டுகள் அவ்வீட்டைக் காத்த நாய். திடீரென உணவை மறுத்துச் சுருண்டு கிடந்தது. உடல் அனலாய்ச் சுட்டது. வீட்டிலிருந்த ஐபுபுரூஃபன் மாத்திரையைப் பாலில் கரைத்து அத்தாய் மூன்று நாள் புகட்டினார். பின்னர் மணி இரத்தமாய் வாந்தி எடுத்தது; மருத்துவரிடம் கொண்டுசென்றும் பிழைக்கவில்லை.

அறியாமல், அன்பினால் செய்தது பாவமாகாது என்று தேற்றி அனுப்பினோம். ஆயினும் அறிந்துகொள்ளும் கடமை நம் எல்லாருக்கும் உண்டன்றோ? ஆகவே அவருடைய இசைவோடு இதனை எழுதுகிறோம்.

முதலாவதாக, நாயின் உடல் இயல்பாகவே நம் உடலைவிடச் சூடானது. நமக்கு 98.6 டிகிரி பாரன்ஹீட் எனில், நாய்க்கு 101 முதல் 102.5 வரை நலமான நிலையே. தொட்டுப் பார்த்த அளவில் காய்ச்சல் என்று முடிவுகட்டலாகாது.

இரண்டாவதாக, ஒரே மருந்தை எல்லா உடலும் ஒன்றுபோல் ஏற்பதில்லை. ஐபுபுரூஃபனும் ஆஸ்பிரினும் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கவும் சிறுநீரகத்தைக் கெடுக்கவும் வல்லவை. பாரசிட்டமால் அளவு மிகுந்தால் நாயின் ஈரலைச் சிதைக்கும். பூனையின் ஈரலுக்கோ அம்மருந்தை முறிக்கும் ஆற்றல் மிகக் குறைவு. ஒரே மாத்திரை அதன் உயிரைப் பறிக்கக்கூடும். கால்நடை மருத்துவர் சிலவேளை மனிதருக்கான மருந்தையே எழுதித் தருவதும் உண்டு. ஆனால் அவர் நோயை ஆராய்ந்து, எடையைப் பார்த்து, அளவைக் கணக்கிட்டுத் தருகிறார்.

மூன்றாவதாக, காய்ச்சல் என்பது உள்ளே இருக்கும் ஏதோ ஒரு நோயின் அறிகுறி. நம் ஊர் நாய்களுக்கு உண்ணி கடிப்பதால் வரும் காய்ச்சல் மிகுதி. அதில் இரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்கள் குறைந்துபோகும். அந்நிலையில் இத்தகைய வலி மாத்திரைகளைக் கொடுத்தால் இரத்தக் கசிவு பெருகும். மணிக்கு நேர்ந்தது இதுவே.

அப்படியானால் செய்ய வேண்டுவது யாது? நாயை நிழலில் கிடத்துங்கள். குடிக்க நீர் வையுங்கள். தாமதியாமல் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுசெல்லுங்கள். முன்னரே மாத்திரை கொடுத்திருந்தால், வெட்கப்பட்டு மறைக்காமல் அதன் உறையைக் காட்டுங்கள். நாய் எச்சில் வடித்து, அதன் நடத்தையும் மாறியிருந்தால் வெறிநோயாகவும் இருக்கலாம். வாயில் விரலை நுழைத்து எதையும் புகட்ட முயலாதீர்கள். பிள்ளைகளை அண்ட விடாதீர்கள்.

இளைஞர் தோபியாவின் நெடும் பயணத்தில் ஒரு நாயும் உடன் சென்றதாகத் தோபித்து நூலில் காண்கிறோம். அவ்வழியில் பிடித்த மீனின் எந்த உறுப்பு எதற்கு மருந்தாகும் என்பதைத் தோபியா தாமாக ஊகிக்கவில்லை. உடன் வந்த இரபேலிடம் கேட்டறிந்தார். நாமும் அறிந்தவரிடம் கேட்கத் தயங்குவானேன்?

அத்தாயின் வீட்டில் இப்பொழுது ஒரு குட்டி வளர்கிறது. அதன் தடுப்பூசி அட்டையைப் பிள்ளைகளின் அட்டைகளோடு சேர்த்துப் பத்திரப்படுத்தியிருப்பதாகச் சொன்னார், கேட்டு மகிழ்ந்தோம். சனவரி 17, வனத்து அந்தோணியார் திருநாளன்று, மந்திரிக்க அதனையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறோம். அன்பர்களே, ஆண்டுக்கொரு நாள் மந்திரிப்புக்காகக் கோவிலுக்குக் கொண்டுவரும் உயிர்களை, நோயுற்ற நாளில் மருத்துவரிடம் கொண்டுசெல்வதும் நம் கடமையே. வாயற்ற அவ்வுயிர்களுக்காகப் பேச நம்மையன்றி வேறு யார் உளர்?