ஆறு பேருக்கு ஒரு பீட்சா

யாழ்ப்பாணத்தில் இத்தாலிய உணவுக்குச் சிறந்த கடை எது? எமது வகுப்பில் இந்தக் கேள்வியை யாராவது எடுத்துப் போட்டுவிட்டால் இடைவேளை முடிந்து மணி அடித்த பின்னும் கதை ஓயாது. உயர்தரப் பரீட்சை வினா எதற்கும் எங்களிடம் இவ்வளவு உறுதியான விடைகள் இருப்பதில்லை. ஒருத்திக்கு பீட்சா ஹட்டின் தடித்த மாவும் இழுபடும் சீஸும்தான் பீட்சா. இன்னொருத்தி, பெருநாளுக்கு மறுநாள் ஒரு ஹோட்டலில் சாப்பிட்ட வெள்ளை சோஸ் பாஸ்டாவுக்கு ஈடு இல்லை என்பாள். நகரில் புதிதாக முளைத்திருக்கும் சிறு கஃபேக்களுக்கு வாக்களிக்கும் கூட்டமும் உண்டு. இத்தாலியர் ஒருவர் சமைக்கும் கடையில் எங்களில் யாரும் சாப்பிட்டதில்லை. "இத்தாலியக் கடை" என்று நாங்கள் சொல்வது பீட்சாவும் பாஸ்டாவும் கிடைக்கும் கடையைத்தான். இக்கட்டுரையிலும் அதுவே பொருள்.

நல்லூர்த் திருவிழாக் காலம் வந்தால் இந்த விவாதத்துக்கு வெளிநாட்டு நடுவர்களும் வந்துவிடுவார்கள். சுவிஸிலிருந்தும் பாரிஸிலிருந்தும் விடுமுறைக்கு வரும் மாமாமாரைச் சொல்கிறேன். போர்க்காலத்தில் ஐரோப்பா சென்ற எமது ஊரவர் பலருக்குக் கிடைத்த முதல் வேலை உணவகச் சமையலறையில்தான். கோப்பை கழுவத் தொடங்கி, காய் வெட்டி, மாப்பிசைந்து, அடுப்பு வரை முன்னேறியவர்கள் அவர்கள். ஆகவே அப்படி ஒருவர் ஒரு துண்டைக் கடித்துவிட்டு "இது பீட்சாவே இல்லை" என்று சொன்னால் அதில் வெறும் வெளிநாட்டுப் பெருமை மட்டும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. 2023 ஆம் ஆண்டு பாரிஸ் நகரின் சிறந்த பகெத் பாணுக்கான பரிசை வென்றவர் தர்ஷன் செல்வராஜா என்ற இலங்கைத் தமிழர் என்பதை நினைத்துப் பாருங்கள். மாவும் நெருப்பும் எங்கள் ஆட்களுக்குப் புரியாத விடயமல்ல.

அவர்கள் சொல்லும் அளவுகோல் நாபொலி நகரத்துடையது. நடு மெல்லியதாக, ஓரம் பொங்கி, இடையிடையே கருகல் புள்ளியுடன் இருக்க வேண்டும். விறகு அடுப்பில் 480 பாகை செல்சியஸை அண்டிய வெப்பத்தில் 60 முதல் 90 செக்கனுக்குள் வெந்துவிட வேண்டும். அந்நகரத்துப் பீட்சாக்காரரின் கைத்திறனை 2017 இல் யுனெஸ்கோ தன் மரபுரிமைப் பட்டியலிலும் சேர்த்தது. எமது கஃபேக்களில் இருக்கும் சிறிய மின் அடுப்பில் இந்த வெப்பம் வராது. ஆனால் ரோஸ் பாண் சுடும் எமது பழைய பேக்கரிகளில் விறகுப் போறணை இருக்கிறதே! "போறணை" என்பதே போர்த்துக்கேயரின் "ஃபோர்னோ". இத்தாலியரும் தங்கள் அடுப்பை ஃபோர்னோ என்றுதான் அழைக்கிறார்கள். அந்தப் போறணையில் ஒரு பேக்கரி முதலாளி பீட்சா சுட்டுப் பார்த்தால் பல கஃபேக்காரர் கதவைச் சாத்த வேண்டி வரலாம். இது என் சொந்த ஊகம்; எந்த முதலாளியாவது கேட்பாரா தெரியவில்லை.

ஆனாலும் மாமாமாரின் தீர்ப்பை நான் முழுதாக ஏற்கவில்லை. மாவும் ருசியும் மட்டும் பார்த்துக் கொடுக்கும் தீர்ப்பு அது. நான் பார்ப்பது வேறு.

என் ரியூசன் வகுப்பில் நாங்கள் ஆறு பேர் கூட்டு. மூவர் முஸ்லிம்கள். இருவர் சைவர்கள், அவர்களில் ஒருத்தி முட்டைகூடத் தொடமாட்டாள், மற்றவள் வெள்ளிக்கிழமைகளிலும் நல்லூர்க் கொடியேற்றம் முதல் இருபத்தைந்து நாளும் மச்சம் சாப்பிடமாட்டாள். ஒருத்தி கத்தோலிக்கர், தவக்காலம் தவிர அவளுக்கு எல்லாமே சம்மதம். இந்த ஆறு பேரும் ஒரே மேசையில், ஒரே பீட்சாவை, மனதில் உறுத்தல் இல்லாமல் பிய்த்துச் சாப்பிடக்கூடிய கடை எதுவோ அதுவே இந்நகரின் சிறந்த இத்தாலியக் கடை. ருசிக்கான புள்ளியை அதற்குப் பிறகு போடலாம்.

சைவ பீட்சாவை எடுத்தால் போயிற்று, இதில் என்ன பிரச்சினை என்று கேட்பீர்கள். நாங்களும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். இத்தாலியச் சமையலைப் பற்றித் தேடித்தேடி வாசித்த பிறகுதான் எத்தனை இடத்தில் கேள்வி ஒளிந்திருக்கிறது என்று விளங்கியது. பெப்பரோனி என்ற பெயரில் இத்தாலியில் கேட்டால் குடைமிளகாயைக் காட்டுவார்கள். பீட்சாவின் மேல் வரும் பெப்பரோனி அமெரிக்காவில் உருவான கொத்திறைச்சிக் குழல், வழக்கமாகப் பன்றியும் மாடும் கலந்தது. பொலோஞ்ஞா நகரத்து இறைச்சி சோஸிலும் பன்றி சேர்வதுண்டு. ரிசோத்தோ சோற்றில் வைன் ஊற்றுவது அங்கு வழக்கம். திரமிசு என்ற இனிப்பில் பலர் சேர்க்கும் மர்சாலாவும் வைன்தான். சிசிலியில் உள்ள மர்சாலா துறைமுகத்தின் பெயரிலேயே அரபு "மர்ஸா" இருக்கிறது என்பது வேறு கதை!

சீஸ்தான் பெரிய விடயம். பாலைத் திரைய வைக்க ரெனட் என்ற நொதியத்தைச் சேர்க்கிறார்கள். பழைய முறையில் அது கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுவது. பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்ற புகழ்பெற்ற சீஸுக்குக் கன்றின் ரெனட்தான் சேர்க்க வேண்டும் என்பது விதி. எமக்கு, அறுக்கப்பட்ட முறை தெரியாத விலங்கின் ரெனட் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. என் சைவத் தோழிக்கோ அதில் வேறுபாடே இல்லை. ஹலாலாக அறுத்த கன்றாயினும் கன்று கன்றுதான். இன்று தொழிற்சாலைகளில் நுண்ணுயிரிலிருந்து எடுத்த ரெனட் பரவலாகப் பாவிக்கப்படுகிறது. அப்படிச் செய்த மொஸரெல்லாவை வாங்கினால் இரு தரப்புக் கவலையும் ஒரே பக்கற்றில் தீர்ந்துவிடும். ஹலாலும் சைவமும் எதிரெதிர்த் திசைகள் என்று நினைப்பவர்கள் ஒரு தடவை சீஸ் பக்கற்றைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

கடந்த தவணை முடிவில் இரண்டு கடைகளுக்குப் போனோம். முதற்கடையில், சைவ பீட்சாவையும் கோழி பீட்சாவையும் ஒரே வெட்டியாலா வெட்டுவீர்கள் என்று பணிவாகத்தான் கேட்டேன். "தங்கச்சி, சாப்பிட வந்தனீங்களோ, பரிசோதிக்க வந்தனீங்களோ?" என்றார் நின்றவர். பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். நாங்கள் ஆளுக்கொரு குளிர்பானம் குடித்துவிட்டு எழுந்தோம். இரண்டாவது கடை சிறியது, விசிறியும் ஒன்றுதான். அதே கேள்விக்கு உள்ளிருந்து ஒரு அக்கா மாவு படிந்த கையோடு வெளியே வந்தார். இரண்டு வெட்டிகளைத் தூக்கிக் காட்டினார், பச்சைப் பிடி போட்டது மரக்கறிக்கு என்றார். சீஸ் பக்கற்றைக் கொண்டுவந்து எங்கள் முன் வைத்தார். கோழியை எந்த முஸ்லிம் கடையில் வாங்குகிறார் என்றும் சொன்னார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பீட்சாவின் அடி கொஞ்சம் கனம், மாமாமார் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆறு பேரும் கடைசித் துண்டுக்குச் சண்டை பிடித்தோம்.

வீட்டில் இதைச் சொன்னபோது வாப்பா சந்தோசப்படவில்லை. "கேள்வி கேட்டுத்தான் எங்கட ஆக்களுக்குப் பிரச்சினை வந்தது. சந்தேகமெண்டா சாப்பிடாமல் வா, பிள்ள" என்றார். அவர் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2013 இல் ஹலால் இலச்சினைக்கு எதிராக நாட்டில் எவ்வளவு ஆர்ப்பாட்டம் நடந்தது! அந்த ஆண்டு மார்ச்சில் உள்நாட்டில் விற்கும் பொருட்களில் அது இனி இராது என்று அறிவிக்கும் நிலை வந்தது. 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பிறகு முஸ்லிம் கடைகளைப் புறக்கணிக்கச் சொன்ன காலத்தையும் அவர் பார்த்தவர். நான் வாப்பாவை மதிக்கிறேன், ஆனால் இந்த இடத்தில் மறுக்கிறேன். நான் கேட்பது இலச்சினை அல்ல. உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு மட்டையில் எழுதி வையுங்கள் என்பதுதான். அது முஸ்லிமுக்கு மட்டும் கொடுக்கும் சலுகையும் அல்ல. கடலை ஒவ்வாத பிள்ளைக்கும், விரதகாரருக்கும், நீரிழிவுக்காரருக்கும் அதே மட்டை பயன்படும்.

உம்மா சொன்னது வேறு. இலங்கையில் முதலாவது பீட்சா ஹட் கொழும்பில் திறந்தது 1993 இல். அந்த ஆண்டு குடாநாட்டில் மின்சாரம் இல்லை. உம்மாவோ புத்தளத்தில் ஓர் அகதிக் கொட்டிலில் இருந்தார். 1990 ஒக்டோபர் 30 அன்று இரண்டு மணி நேர அவகாசத்தில் சோனகதெருவை விட்டு வெளியேற்றப்பட்டபோது அவருக்கு வயது பத்து. பக்கத்து வாங்கில் இருந்த தமிழ்த் தோழியிடம் சொல்லிக்கொள்ளக்கூட முடியவில்லையாம். மீண்டும் ஊர் வந்து சேர்ந்தபோது அந்தத் தோழியின் குடும்பமும் வெளிநாடு போயிருந்தது. "நீங்க ஆறு பேரும் ஒரே தட்டில சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் இரண்டு தரம் கேட்டார். ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் அமர்வதுதான் எங்கள் வழக்கம். பீட்சாவும் வட்டமாகத்தானே இருக்கிறது என்றேன்.

இந்த அந்நியச் சாப்பாடு எதற்கு, இடியப்பம் இல்லையா என்று கேட்கும் பெரியவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சிசிலி மன்னன் இரண்டாம் ரொஜரின் அவையில் இருந்த அரபுப் புவியியலாளர் அல் இத்ரீஸி, 1154 இல் முடித்த தன் நூலில், பலெர்மோவுக்குக் கிழக்கே திராபியா என்ற ஊரில் "இத்ரிய்யா" என்ற மாவு இழைகள் ஏராளமாகச் செய்யப்பட்டு, முஸ்லிம் நாடுகளுக்கும் கிறிஸ்தவ நாடுகளுக்கும் கப்பலில் போனதாக எழுதுகிறார். இத்தாலியில் பாஸ்தா வியாபாரம் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய குறிப்புகளில் இதுவும் ஒன்று. பாஸ்டாவின் கதையில் எமக்கும் பங்கு உண்டு. அதே நூலில் ஸரந்தீபையும், அதாவது எமது இலங்கையையும், அவர் விவரிக்கிறார். அதன் அரசனுக்கு ஆலோசகர் பதினாறு பேராம்: அரசனின் சமயத்தவர் நால்வர், முஸ்லிம்கள் நால்வர், கிறிஸ்தவர் நால்வர், யூதர் நால்வர். அப்படியே இருந்ததோ, யாரோ மாலுமி சொன்ன கதையோ, எனக்கு அந்த மேசை பிடித்திருக்கிறது. இன்று அந்தப் பலெர்மோவில் யாழ்ப்பாணத் தமிழர் பெருமளவில் வாழ்கிறார்கள். இந்துக்களும் கத்தோலிக்கரும் சேர்ந்தே புனித ரொசாலியாவின் மலைக்கோயிலுக்கு ஏறுகிறார்களாம்.

எங்கள் பக்கத்துக்கும் ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் நீதியாகாது. ஐந்துசந்திப் பக்கம் எமது சாப்பாட்டுக் கடைகளில் சைவத் தோழி ஒருத்தியை உட்கார வைத்துப் பாருங்கள். "சைவமும் இருக்கு மகள்" என்று அன்பாகத்தான் சொல்வார்கள். ஆனால் பருப்பையும் இறைச்சி ஆணத்தையும் ஒரே அகப்பையால் அள்ளுவார்கள். அவள் ஒன்றும் பேசாமல் தேநீரோடு நிறுத்திக்கொள்வாள். பீட்சாக் கடையில் எமக்கு வேண்டியதை எமது கடையில் அவளுக்குக் கொடுக்காமல் இருப்பது எந்த நியாயம்? இன்னொரு அகப்பையின் விலை என்ன?

வீட்டில் உம்மா கறித்தூள் போட்டுக் கிளறும் கோழி மக்ரோனிதான் உலகிலேயே சிறந்த இத்தாலியச் சாப்பாடு என்று எழுதி எல்லோருடைய கைதட்டலையும் வாங்கலாம். உண்மையாகவே அது ருசிதான். ஆனால் கேட்ட கேள்விக்கு அது விடையல்ல. வீட்டு மேசையில் வீட்டார் இருப்பார்கள். பரீட்சை முடிந்த மாலையில், பயமில்லாமல், திரைச்சீலைக்குப் பின்னால் ஒளியாமல், வெவ்வேறு வீட்டுப் பெண் பிள்ளைகள் சேர்ந்து உட்கார ஓர் இடம் வேண்டும் என்பதுதான் கேள்வி. அனுமதி தரும் பெற்றோர் தயவுசெய்து எந்தக் கடை என்று கேட்கும்போது, அங்கே கேட்டால் பதில் சொல்வார்களா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

இப்போதைக்கு என் பட்டியலில் ஒரே ஒரு கடைதான் இருக்கிறது. பெயரை இங்கே எழுதினால் விளம்பரமாகிவிடும் என்று இதழாசிரியை வெட்டிவிடுவார். வேண்டியவர்கள் இடைவேளையில் வந்து கேளுங்கள். விசிறிக்குக் கீழே உள்ள மேசை வேண்டுமென்றால் நான்கரைக்கு முன் போய்விட வேண்டும்.