சில்க் போர்டு சூடும் ஆயில் டப்பாவும்

மார்கழிக் காலையில் பைக் முனகிக்கொண்டு கிளம்பினால், பெங்களூருக்காரரின் சந்தேகம் எஞ்சின் ஆயில் மீது விழுகிறது. ‘குளிருக்கு லேசான ஆயில் போடலாமா?’ என்று மெக்கானிக்கிடம் கேட்கிறார். ஏப்ரலில் அதே மனிதர் கெட்டியான ஆயில் கேட்பார். இரண்டு கவலையுமே வீண்.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்நகரில் பதிவான மிகக் கடுமையான குளிர் 7.8 டிகிரி செல்சியஸ். அதுவும் 1884 ஜனவரியில். உச்ச வெயில் 2016 ஏப்ரலில் 39.2 டிகிரி. ஆயில் டப்பாவில் உள்ள ‘20டபிள்யூ-40’ என்ற குறியீட்டுக்கு இந்த வித்தியாசம் ஒரு பொருட்டே அல்ல. ‘டபிள்யூ’ என்பது குளிர்காலத்தைக் குறிக்கிறது. மைனஸ் 15 டிகிரியிலும் எஞ்சினைச் சுழல விடும் ஆயில்தான் 20டபிள்யூ. 10டபிள்யூ என்றால் மைனஸ் 25. டிசம்பரில் லே வரை பைக் ஓட்டும் துணிச்சல்காரர்கள் வேண்டுமானால் இதைப் பற்றி யோசிக்கலாம்.

இரண்டாவது எண்தான் முக்கியம். 100 டிகிரி சூட்டில் ஆயிலின் பாகுநிலை எவ்வளவு என்பதை அது சொல்கிறது. (இதை ‘அடர்த்தி’ என்பது தவறு. வெல்லப்பாகு சூட்டில் இளகி ஓடுகிறதே, அந்தக் குணம்தான் இது.) பெங்களூரில் ஆயிலைக் காய்ச்சுவது சூரியனைவிட சில்க் போர்டு சிக்னல்தான். டாம்டாம் நிறுவனத்தின் கணக்குப்படி 2022இல் நகர மையத்தில் 10 கிலோமீட்டர் கடக்க சராசரியாக 29 நிமிடம் 10 விநாடி ஆனது. காற்றால் குளிரும் பைக் எஞ்சினுக்கு வண்டி நின்றால் காற்றும் நின்றுவிடும்.

அதற்காக 10டபிள்யூ-30 கேட்கும் புது ஸ்கூட்டருக்கு 20டபிள்யூ-50 ஊற்றுவது உபகாரமல்ல. கெட்டி ஆயிலைத் தள்ளவே எஞ்சின் கூடுதலாக உழைக்க வேண்டும், மைலேஜ் குறையும். காலையில் கிளம்பும்போது ஆயில் மேலேறவும் தாமதமாகும். மாறாக, 50 கேட்கும் பழைய எஞ்சினுக்கு 30 ஊற்றினால், சூட்டில் ஆயில் படலம் மெலிந்து உலோகம் உரசும். தயாரிப்பாளரின் கையேட்டில் இருக்கும் எண்ணே சரி. வெயிலும் நெரிசலும் தெரிந்தேதான் இந்திய வண்டிகளுக்கு அதை நிர்ணயிக்கிறார்கள்.

உள்ளூர்க்காரர்கள் உண்மையில் கவனிக்க வேண்டியது வேறு. மூன்று கிலோமீட்டரில் கடைக்குப் போய்த் திரும்பும் வண்டியில் எஞ்சின் முழுதாகச் சூடேறுவதே இல்லை. ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆயிலிலேயே தங்கிவிடுகின்றன. இத்தகைய வண்டிக்கு மீட்டரைப் பார்த்துக் காத்திருக்கக் கூடாது. கையேடு சொல்லும் மாதக் கெடு வந்ததும் ஆயிலை மாற்றிவிட வேண்டும்.

மிஞ்சிய கார் ஆயிலை பைக்கில் ஊற்றும் சிக்கனமும் ஆபத்து. பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் அதே ஆயிலில்தான் மூழ்கியிருக்கிறது. உராய்வைக் குறைக்கும் கார் ஆயிலில் அது வழுக்கும். கியர் பைக்குக்கான டப்பாவில் ‘ஜாசோ எம்.ஏ.’ அல்லது ‘எம்.ஏ.2’ என்றிருக்கும். ‘எம்.பி.’ என்றிருந்தால் அது கியரில்லா ஸ்கூட்டருக்கு.